இடது பின் சக்கரம்

போன மாதம் என் காருக்கு நான்கு டயர்களையும் மாற்றினேன். தம்போயில், மகளைப் பாலர் பள்ளியில் விடப் போகும் வழியிலுள்ள பட்டறை அது. மாற்றிய மூன்றாம் நாள் மறுபடியும் அங்கே போய் நின்றதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்னாக்கா, ஏதும் சத்தம் வருதா?”

“சத்தம் இல்ல. நட்டு மட்டும் ஒருதடவ பாத்துடுங்களேன். நூறு கிலோமீட்டர் ஓடிடுச்சு.”

“போன தடவயும் இப்படித்தான் வந்தீங்க. நாங்க கட்டுனா கழறாது லா.”

“தெரியும். இருந்தாலும்.”

அவர் உள்ளே திரும்பி, “பாஸ், நட்டு அக்கா வந்துட்டாங்க!” என்று குரல் கொடுத்தார். அந்தப் பட்டறையில் என் பெயர் அதுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் பார்த்துக் கொடுத்தார். நீளமான ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறார்கள். வேண்டிய அளவு இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். சக்கரத்துக்கு ஐந்து நட்டு. பின்னிருக்கையில் இருந்த என் மகள் ஒவ்வொரு டிக்கையும் எண்ணிக்கொண்டு வந்தாள். இருபது வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்ப்பவள்தான் நான். பிள்ளையின் காய்ச்சலை அளந்துவிட்டு, அளந்த கருவியைச் சந்தேகப்படுகிறவள். நம் வயது அம்மாக்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் நட்டு விஷயத்தில் எனக்குக் காரணம் உண்டு. முப்பத்தாறு வயதில் பழைய கதை பேச வந்துவிட்டாளே என்று நினைக்காமல் கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு பெக்கான் நானாஸில் இருந்தது. மழை விட்டதும் கரிமண்ணின் புளித்த வாடையும், காற்று திரும்பினால் அன்னாசி வாசமும் வரும் ஊர். அப்பா தம்போயில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்தார். மோட்டார் சைக்கிளில் போய் மோட்டாரில் வருவார். பெற்றோருக்கு அடுத்து அவர் அதிகம் நேசித்தது, மூன்றாம் கையாக வாங்கிய வெளிர்நீல ஜப்பான் காரைத்தான். தோட்டத்தில் பிறந்த எங்கள் குடும்பத்தில் வாங்கப்பட்ட முதல் கார் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஓடும்.

அந்த வருடம் அம்மா கார் லைசென்ஸ் எடுத்தார். பொந்தியானில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. தம்பியும் அங்கேயே படித்தான். ஜனவரியில் ஒரு வகுப்பை அம்மாவின் பொறுப்பில் விடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்து கதவு திறக்க வேண்டும். பேருந்தை நம்பினால் அது நடக்காது. அதனால் அப்பா, யோசித்து யோசித்து, கார் சாவியைச் சமையலறைக் கதவோர ஆணியில் மாட்டிவைத்தார்.

பக்கத்து வீடு அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவர். அம்மா காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் வேலியோரம் வந்து நிற்பார்.

“டீச்சரம்மா காடி எடுக்குறாங்க! கோழியெல்லாம் வீட்டுக்குள்ள ஓடுங்க!”

“உங்க கோழிக்கு ஹாரன் சத்தம் பழகிடுச்சு அண்ணி. நீங்கதான் இன்னும் பழகல,” என்று அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்வார். கை மட்டும் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போயிருக்கும்.

அம்மா ஐந்தாம் படிவம் வரை, உயர்நிலைப் பள்ளி முடியும்வரை, படித்தவர். எதையும் படித்துத்தான் நம்புவார். காரோடு வந்த ஆங்கிலக் கையேடு ஒன்று முன் இருக்கைக்கு எதிரே இருந்த சிறு அறைக்குள் கிடந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை, அட்டை பாதி இல்லை. சோறு வேகும் நேரத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படிப்பார். பாடப் புத்தகம் போலப் பென்சிலால் கோடு போடுவார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளியைவிட அதற்குத்தான் ஆரவாரம். அந்த வருடம் அப்பாவுக்கு ஓர் ஆசை. மனைவி தினமும் ஓட்டுகிற கார் பழசாகத் தெரியக் கூடாது. நான்கு சக்கரங்களையும் கழற்றித் தாழ்வாரத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்து, ரிம்முக்கு வெள்ளிச் சாயம் அடித்தார். முன்னும் பின்னும், நட்டு உட்காரும் குழிகளின் உள்ளும், சக்கரம் பதியும் இடத்திலும் இரண்டு பூச்சு. மழை நாள், சாயம் சரியாகக் காயவில்லை. மறுநாள் காலையே நல்ல நேரம் என்பதால் மாட்டிவிட்டார்.

அவர் மாட்டிய விதம் என் கண்ணிலேயே இருக்கிறது. ஒரு நட்டை முழுக்க இறுக்கி, அடுத்ததற்கு நகர்ந்து, கடிகார முள் மாதிரி வட்டமாகப் போனார். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஸ்பேனரின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று ஒரு குதி. “இனி யானை வந்தாலும் கழட்ட முடியாது,” என்றார். தம்பி கைதட்டினான். நட்டுகளைப் போட்டுவைக்கச் சக்கர மூடியைக் கவிழ்த்துத் தட்டுப் போலப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் நானே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். பதினாறு நட்டு, பதினாறு பொட்டு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கார் மணப்பெண் மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பொந்தியானில் ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை. நானும் போயிருந்தேன். திரும்பும் வழியில் டயர் பஞ்சர். இடது பக்கம், பின் சக்கரம். செம்பனை மரங்களைத் தவிர யாரும் இல்லாத இடம். அம்மா கையேட்டை எடுத்துப் பானெட்டின் மேல் விரித்து வைத்து, ஒரு வரி படிப்பதும் ஒரு வேலை செய்வதுமாகச் சக்கரத்தை மாற்றினார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தம்பி இரண்டு முறை சிறுநீர் கழித்தது நினைவிருக்கிறது. முடிந்ததும் அம்மா எழுந்து நின்று, கன்னத்தில் கிரீஸோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

திங்கட்கிழமை கடையில் பஞ்சர் ஒட்டி வாங்கி வந்து, அதே சக்கரத்தை அதே இடத்தில் அம்மாவே மாட்டினார். அப்போதும் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மாட்டும் முன் கையேட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் பழைய கத்தியை எடுத்து வந்து, நட்டு உட்காரும் குழிகளிலிருந்தும் சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்தும் வெள்ளிச் சாயத்தைச் சுரண்டினார். இரும்பு தெரியும்வரை சுரண்டினார்.

“ஏம்மா, அப்பா அடிச்சதுதானே?”

“இரும்பும் இரும்பும் ஒட்டணுமாம் பாப்பா. நடுவுல ஒன்னும் இருக்கக் கூடாதுனு போட்டிருக்கு.”

பிறகு நான்கு நட்டுகளையும் விரலால் சுழற்றி விட்டார். ஒன்றைக் கொஞ்சம் இறுக்கி, அதற்கு நேர் எதிரே உள்ளதைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி குறுக்கே. ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு, அதே குறுக்கு வரிசையில் கடைசி இறுக்கம். குதிக்கவில்லை. அப்பாவின் வேலையோடு ஒப்பிட்டால் இது சக்கரத்தைத் தடவிக் கொடுப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாப்பிடும்போது அம்மா மெல்ல ஆரம்பித்தார்.

“ஏங்க, நட்டு உக்காருற எடத்துல சாயம் இருக்கக் கூடாதாமே. சுரண்டிடலாமா?”

“பூஜைக்கு அடிச்ச சாயம். அதப் போயி சுரண்டுறதா?” அப்பா சிரித்தார். “நான் ஏறி நின்னு கட்டுனது. புக்கு எழுதுனவன் ஏறி நின்னிருக்க மாட்டான்.”

அம்மா, ஒரு சக்கரத்தை ஏற்கெனவே சுரண்டிவிட்டதைச் சொல்லவில்லை. ரசம் ஊற்றினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை நடந்ததுதான் விஷயம்.

ஒத்திகைக்குப் போகும் வழி. மழை தூறியதாக என் நினைவு. வெயில் அடித்தது என்கிறார் அம்மா. முதலில் டக், டக் என்று மெல்லிய சத்தம். அம்மா வானொலியை அணைத்தார். சத்தம் வேகமானது. ஸ்டியரிங் அவர் கையில் நடுங்குவதைப் பின்னாலிருந்தே பார்த்தேன். அம்மா பதறவில்லை. பிரேக்கை அழுத்தாமல் வேகத்தை விட்டு விட்டுக் குறைத்து, அன்னாசிக் கடை ஒன்றின் முன்னால் ஓரங்கட்டினார். கடைக்கார மலாய் அம்மாள், மக்சிக் என்போம், கத்தியும் கையுமாக ஓடி வந்தார்.

“அலமாக்! தாயார் கோயாங் லா, காக்!” ஐயையோ, சக்கரம் ஆடுகிறது என்று கத்தியாலேயே காட்டினார்.

இடது பக்கம், முன் சக்கரம். நான்கு நட்டில் இரண்டைக் காணோம். மிச்சம் இரண்டையும் அம்மா இரண்டே விரலால் கழற்றினார். ஒன்றில் நான் வைத்த குங்குமம் இன்னும் இருந்தது.

மக்சிக் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு அன்னாசி கொடுத்து முக்காலியில் உட்கார வைத்தார். அம்மா காரைத் தூக்கி, வேறு இரண்டு சக்கரங்களிலிருந்து தலா ஒரு நட்டைக் கழற்றி, முன் சக்கரத்தை இறுக்கினார். மெதுவாக, மிக மெதுவாக எங்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒத்திகைக்குப் போகவில்லை. அப்போது எனக்கு அன்னாசி இனித்தது என்பதுதான் நினைவிருக்கிறது.

அப்பா வீட்டிலிருந்தார். கேட்டதும் அவர் முகம் சாம்பலானது. சட்டை போடாமல் வந்து முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். அத்தையும் வேலியைச் சுற்றி வந்துவிட்டார்.

“அன்னைக்குப் பஞ்சர்னு டயர மாத்துனியே, இந்த டயர்தானே?”

“இல்லீங்க. அது பின்னாடி.”

“பின்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் கட்டுனது எப்படிக் கழறும்?”

“சாயத்தாலதான் இருக்கும். நான் சொன்னேன்ல...”

“பூஜைய கொற சொல்லாத,” என்றார் அத்தை. “கை வலு இல்லனா இல்லனு சொல்லு. இது என்ன கோலம் போடுற வேலையா?”

அப்பா எழுந்தார். குரல் உடைந்தது. “பிள்ளைங்க உள்ள இருந்தாங்க. தெரியுதா? ரெண்டு பிள்ளைங்க உள்ள இருந்தாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா. நீ கூடத்தானே இருந்த. அம்மா எந்த டயர மாத்துனாங்க? முன்னாடியா, பின்னாடியா?”

எனக்குத் தெரியும். இரண்டு முறை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆனால் நான் காரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். அது முன் சக்கரத்தின் மேல் இருந்தது.

“முன்னாடி,” என்றேன்.

அத்தை “ம்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று எத்தனையோ முறை அந்த முகத்தை நினைவில் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இல்லை. பஞ்சர் டயரைப் பார்ப்பது போல, எங்கே குத்தியிருக்கிறது என்று தேடும் பார்வை.

“பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்போல,” என்றார் அம்மா. கையேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாவி ஆணியிலிருந்து அப்பாவின் மோட்டார் சாவிக் கொத்துக்கு மாறியது. புது நட்டுகள் வாங்கி, அப்பா வழக்கம்போல் ஏறி நின்று கட்டினார்.

அதன்பிறகு அம்மாவும் தம்பியும் பேருந்தில் போனார்கள். இருட்டு விலகாத காலையில், கலைநிகழ்ச்சிக்காக அம்மா பச்சைக் காகிதத்தில் செய்த அன்னாசிக் கிரீடங்களை நெகிழிப் பையில் போட்டு, மழை படாமல் குடைக்குள் அணைத்துக்கொண்டு போவார். பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. இரண்டாம் வாரத்திலேயே மூன்று நாள் தாமதம். கதவு திறக்காமல் பிள்ளைகள் மழையில் நின்றார்களாம். ஜனவரி வகுப்பு, மோட்டாரில் வரக்கூடிய வேறொரு பெண்ணுக்குப் போனது. அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் ஒரே வாக்கியத்தில் சொன்னார். “வேற ஆளு பாத்துட்டாங்க.” அப்பா தலையைக் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லியிருக்கலாம். அன்று, அல்லது மறுநாள், அல்லது அதற்கு மறுநாள். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதால் அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமானது. பள்ளியில் நன்னெறிப் பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. வாரத்தில் சில காலைகளில், பேருந்துக்குக் கிளம்பும் முன், அம்மா காரைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி எழுந்து அடுத்ததற்குப் போவார். நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். கோயிலில் சுற்றுவது மாதிரி இருக்கும். கார் ஓட்ட முடியாத ஏக்கத்தில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன்.

எனக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், பாலர் பள்ளிக்கு இன்னும் விடவில்லை, அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். காலையில் எங்களை எழுப்பக் கூடாது என்று மோட்டாரை வாசலுக்கு முன்பே அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். அன்று கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டார். அம்மா வலது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஸ்பேனர். நான் ஜன்னலில் நின்றிருந்தேன்.

“என்ன பண்ற?”

அம்மா எழவில்லை. “அரை சுத்து குடுக்குது.”

“என்ன?”

“இந்த நட்டு. போன வாரமும் அரை சுத்து குடுத்துச்சு. அதுக்கு முந்துன வாரமும். இறுக்கி வெச்சா மறுபடி விடுது. ஞாயித்துக்கிழம நீங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க. அதான்.”

அப்பா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. ஸ்பேனரை வாங்கி அந்த நட்டில் வைத்தார். அவர் கட்டிய நட்டு, அம்மா ஒருபோதும் மாற்றாத சக்கரத்தின் நட்டு, அவர் அழுத்துவதற்கு முன்பே அசைந்தது.

அவர் தூங்கப் போகவில்லை. நான்கு சக்கரங்களையும் கழற்றினார். எனக்குப் பழக்கமான வேலை என்பதால் மூடியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மூன்று சக்கரங்களில், நட்டு உட்காரும் குழிகளில் வெள்ளிச் சாயம் நசுங்கித் தோல் தோலாக உரிந்து வந்தது. நட்டு பிடித்திருந்தது இரும்பை அல்ல, சாயத்தை. சாயம் நசுங்க நசுங்கப் பிடி தளர்ந்திருக்கிறது. நான்காவது சக்கரத்தில் மட்டும் நான்கு குழிகளிலும் சுத்தமான இரும்பு, மோதிரம் மாதிரி பளபளத்தது.

இடது பின் சக்கரம்.

அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் சுரண்டியிருந்தது. கட்டை விரலால் ஒரு குழியைத் தடவினார்.

“இத யாரு சுரண்டுனா?”

“அம்மா,” என்றேன். “பஞ்சர் ஒட்டிட்டு மாட்டுனப்ப.”

என் கையிலிருந்த மூடியில் நட்டுகள் கடகடவென்று ஆடின. அப்பா என்னைப் பார்ப்பார், அடுத்த கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டது என்னைக் காப்பாற்றவா, தன்னையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, “அந்தக் கத்தி எங்க இருக்குனு அம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டு வா,” என்றார்.

மற்ற மூன்றையும் அவரே சுரண்டினார். வாசலோரக் கால்வாயில் வெள்ளித் துகள்கள் மீன் செதில் மாதிரி மிதந்து போயின. அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு பேருந்துக்குப் போயிருக்க வேண்டிய நேரம். போகவில்லை. கையேட்டோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

“ஒன்னுக்கு நேர் எதிர்ல உள்ளத மொதல்ல,” என்றார் அம்மா, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

“தெரியும்.” எதிரில் உள்ளதற்கு நகர்ந்தார்.

“டயர் தரையில ஊனுன அப்புறம்தான் கடைசி டைட்டு.”

“ம்.”

பழக்க தோஷத்தில் ஒரு கால் ஸ்பேனரின் மேல் ஏறியது.

“ஏறி நிக்கக் கூடாதுனு போட்டிருக்கு.”

அப்பா காலை இறக்கினார். தம்பி ஏமாற்றத்தோடு, “குதிக்க மாட்டீங்களாப்பா?” என்றான்.

அத்தை வேலியோரம் வந்தார். “என்னா தம்பி இது, பூஜை சாயத்தப் போயி சுரண்டிக்கிட்டு!”

“நான் கட்டுனதுதான்க்கா லூசாச்சு,” என்றார் அப்பா. அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அப்பா தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். “அவ கட்டுனது அப்படியே நிக்குது.”

படியில் அம்மா ஒரு பக்கத்தைத் திருப்பினார். அதில் படம்கூட இல்லை.

அன்று சாவி ஆணிக்குத் திரும்பியது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டதாக நினைவில்லை. ஜனவரி வகுப்பு திரும்பவில்லை. அம்மா இன்னும் ஒரு வருடம் உதவியாளராகவே இருந்து, பிறகுதான் ஆசிரியை ஆனார். அந்த ஒரு வருடம் என்னுடைய ஒரு சொல்லின் விலை என்று நினைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன். கார் பிறகு எங்கோ பழைய இரும்புக்குப் போனது. நான் நட்டு பிடித்த சக்கர மூடி அத்தை வீட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர்த் தட்டாகிப் பிறகு அதுவும் காணாமல் போனது.

போன மாதம் பட்டறையில் இருபது டிக் கேட்ட கையோடு பெக்கான் நானாஸுக்குப் போனேன். நான் காரை நிறுத்தியதும் அப்பா ஸ்பேனரோடு வெளியே வந்தார். எப்போதும் வருவார்.

“இப்பதான்ப்பா பாத்தாங்க.”

“அது அவங்க பாத்தது.”

மகளுக்குத் தாத்தாவோடு சுற்றி வர ஒரு சாக்கு. நான் சமையலறைக்குப் போனேன். அம்மா அன்னாசியின் கண்களைச் சாய்வாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றபடி சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

“அம்மா, அன்னைக்கு நான் பொய்தான் சொன்னேன். பின்னாடினு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும். மாத்துனவளே நான்தானே.”

“அப்ப ஏன் நீங்க விட்டுட்டீங்க?”

“அடிச்சுப் பேசியிருந்தா உன்ன பொய்க்காரினு ஆக்கியிருக்கணும். உங்க அத்தை உன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பாங்க.” கத்தி நின்றது. “காடி போனா போகுது, வரும். அப்படித்தான் நெனச்சேன். வேல போகும்னு நெனைக்கல.”

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அம்மா கண்டுகொள்ளவில்லை.

“ஒம்பது வயசுப் பிள்ளைய சாட்சிக்குக் கூப்பிட்டது நீயா? இல்லல்ல. உங்கப்பா என்னைக் கேட்டுட்டு, நான் சொன்னத நம்பாம உன்னைக் கேட்டாரு பாரு, எனக்கு அதுதான் ஆறல.” ஒரு துண்டை என் கையில் வைத்தார். “உப்பு தொட்டுச் சாப்பிடு.”

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது.

பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில், தூண் ஒன்றில் காரின் இடது மூலையை உரசிவிட்டேன். சின்னக் கீறல்தான். மாலையில் கணவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்வது, சொல்லாமலே கவனிக்காமல் போய்விடுவாரா என்றும் இருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெளியே அவர் குரல் கேட்டது.

“பாப்பா, இங்க வா. அம்மா இன்னைக்கு எங்கயாச்சும் இடிச்சாங்களா?”

நல்ல மனிதர். குரலில் விளையாட்டுத்தான் இருந்தது. நான் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். என் மகள் காரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

ஈரக் கையோடு வெளியே போனேன்.

“அவள கேக்காதீங்க. என்னைக் கேளுங்க.”

“சும்மா கேட்டேன் லா.”

“சும்மாகூட வேணாம். என்னைக் கேளுங்க.”

என் குரல் எப்படி இருந்ததோ, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார்.

“சரி. எங்க இடிச்ச?”

“பார்க்கிங்ல. தூண்ல. திருப்புறப்ப கவனிக்கல. நான்தான்.”

“ஓ,” என்றார். குந்தி உட்கார்ந்து கீறலை விரலால் தடவினார். “பாலிஷ் போட்டா போயிடும்.”

என் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முறுக்கிப் பிடித்திருந்த கவுன் ஓரத்தை விட்டாள். யாரும் கேட்காமலே, மிகுந்த மகிழ்ச்சியோடு, உள்ளது உள்ளபடி சொன்னாள்:

“அம்மா ‘அலமாக்’னு கத்துனாங்க அப்பா. ரெண்டு தடவ.”